பிடுங்கலாமா தம்பி?

காலை ஆறே முக்கால் இருக்கும். மூட்டை இறக்கும் நாட்டாமிகள் கடைசி லொறியை இறக்கிவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தார்கள். மலையில் கரட் போடும் கந்தப்பளை அக்கா ஃபோன் எடுத்தார்.

"தம்பி, இன்னிக்குப் பிடுங்கலாமா? நாளைக்கு விலை நிக்குமா?"

"நிக்கும்னுதான் நினைக்கிறேன்க்கா."

இவ்வளவுதான் பேச்சு. கொழும்பு மொத்த மரக்கறிச் சந்தை புறக்கோட்டையில் இருந்த காலம் அது. 2020 நவம்பரில் பேலியகொடைக்கு மாறினோம். கடை நம்பர், மேசை, தராசு எல்லாம் மாறிவிட்டன. இந்தப் பதில் மட்டும் கூடவே வந்திருக்கிறது.

'நினைக்கிறேன்' என்றது பொய்யில்லை. ஆனால் முந்தின இரவு முதலாளி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். வெலிமடைப் பக்கமிருந்து நாலு லொறி கரட் வருகிறது, வெளியே பேச வேண்டாம் என்று. நாலு லொறி ஒரே இரவில் இறங்கினால் என்ன ஆகும் என்பது ஒரு மாதம் கணக்கு எழுதினவனுக்கே தெரியும். நான் ஒன்பது வருஷம் எழுதியிருந்தேன்.

வருகிறது என்று சொல்லும் லொறி எல்லாம் வந்துவிடுவதில்லை, அதுவும் உண்மை. தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இழுத்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் கரட்டும் நூறு நாளைத் தாண்டியிருந்தது. ஐப்பசி மழையில் இன்னும் விட்டால் வெடித்துவிடும். பிடுங்கச் சொன்னது சரிதான் என்று இந்தக் காரணங்களை வைத்துப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அக்கா கேட்டபோது இதில் எதையும் நான் யோசிக்கவில்லை. முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அதைத்தான் யோசித்தேன்.

மண்ணுக்குள் இருக்கும் வரைக்கும் கரட் தோட்டக்காரருடையது. பிடுங்கிக் கழுவிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கறுக்கத் தொடங்கும். அப்புறம் நாங்கள் சொல்வதுதான் விலை. அக்கா அதற்கு முன்னால் கேட்டார். கேட்க வேண்டிய நேரத்தில்தான் கேட்டார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்தது எனக்கு ஃபோன் வழியாகத் தெரிந்ததுதான். பத்து மணிக்கு எடுத்தபோது பாட்டி பேசினார்: "எல்லாரும் தோட்டத்துல. புள்ளைகளையும் இன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்பல." ராகலையிலிருந்து அண்ணனின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், தம்பி குடும்பமும் வந்திருந்ததாம். பாட்டி ஒரு கையில் அடுப்பையும் மறு கையில் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கு மழை இறங்கிவிட்டது. மூன்றரைக்கு லொறி நேரம் கேட்க எடுத்தேன்; தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அண்ணன் கத்திப் பேசினார். கழுவுகிற குழிக்குள் நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரில், அந்தத் தண்ணீரில். "முடிஞ்சிரும் தம்பி, ஏழுக்கு ஏத்திருவோம்" என்றார். அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். சொல்லி என்ன, அதற்குள் பாதிக்கு மேல் பிடுங்கியாகிவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு லொறி வந்தது. நாற்பத்தாறு மூட்டை. டோர்ச் அடித்து எண்ணினேன். எங்கள் கடை அடையாளம், வட்டத்துக்குள் ஒரு 'செ', நீலப் பெயின்டில். வழக்கமாக மூத்த மகள்தான் போடுவாள். முதல் மூட்டைகளில் வட்டம் அச்சடித்த மாதிரி இருந்தது. பத்துப் பதினைந்து தாண்டியதும் வட்டம் சேராமல் நின்றது, பெயின்ட் மழையில் வழிந்திருந்தது. கடைசி இரண்டில் வட்டமே இல்லை, எழுத்து மட்டும். ஏதோ ஒரு மூட்டையில் எழுத்தும் வேறு கை. சின்னவனாக இருக்க வேண்டும், கொம்பைப் பின்னால் போட்டிருந்தான்.

வெலிமடையிலிருந்து மூன்று லொறி வந்தது. ஐந்து மணிக்குள் விலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. கணக்குத் துண்டை நான்தான் எழுதினேன். லொறிக் கூலி, சாக்கு, இறக்குகூலி, எங்கள் கழிவு (கமிஷன்) எல்லாம் போக மிஞ்சியதைப் பார்த்துவிட்டு முதலாளி, "பரவாயில்லை, அவங்களுக்கு ஆள்கூலி இல்லையே, எல்லாம் வீட்டு ஆட்கள்தானே" என்றார். நான் தலையாட்டினேன். விலை விழுந்தது என் கையில் இல்லை. லொறியை மறைத்ததற்கும் முதலாளியைக் காட்டலாம். அந்தத் தலையாட்டலை மட்டும் யார் தலையில் போடுவது என்று தெரியவில்லை.

விலையைச் சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. "சரி தம்பி, நீங்க என்ன செய்வீங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, மேல் பாத்திக்கு, மறுபடி எடுத்தார். அதே கேள்வி. இந்தத் தடவை எனக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. எந்த லொறி பற்றியும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று மனதில் எடுத்து வைத்திருந்ததால், "தெரியாதுக்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் கோழி கத்தியது.

"தெரியாதுன்னா நான் வேற யாரைத் தம்பி கேக்குறது?"

அன்றைக்கு அவர்கள் பிடுங்கவில்லை. அடுத்த மூன்று நாளும் விலை நன்றாக நின்றது. மலையில் விடாமல் மழை. நாலாம் நாள் பத்தொன்பது மூட்டை வந்தது. அவிழ்த்த முதல் மூட்டையிலேயே கரட் நீளவாக்கில் வெடித்திருந்தது. சாக்கில் வட்டங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.