கிங் சால்மன் பயணத்தில் கைடுக்குக் கொடுக்கும் பணம் எதற்கு?

அமெரிக்க ஆறுகளில் கிங் சால்மன் என்ற பெரிய மீனைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது, படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கும் கைடுகளின் இணையதளங்களில் பெரிய மீனைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படங்களைத்தான். அந்தப் படங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள், ஏனென்றால் அது எந்த வருடத்து மீன் என்று பெரும்பாலும் போட்டிருக்காது. அலாஸ்காவின் கீனாய் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985 மே மாதம் அந்த ஆற்றங்கரை ஊரான சோல்டாட்னாவைச் சேர்ந்த லெஸ் ஆண்டர்சன் அங்கே தூண்டிலில் பிடித்த 97 பவுண்டு 4 அவுன்ஸ் மீன், அதாவது சுமார் 44 கிலோ, இன்னும் உலக சாதனையாகவே இருக்கிறது. அதே ஆற்றில் ஜூலையில் ஏறி வரும் கிங் கூட்டத்துக்கு 2023லும் 2024லும் தூண்டில் போடவே தடை. திரும்பி வரும் மீன்கள் குறைந்துவிட்டன, வருகிறவையும் வயதிலும் அளவிலும் முன்புபோல் இல்லை.

சரி, திறந்திருக்கும் ஆறு ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், சொந்தமாகப் போகாமல் கைடு எதற்கு? மீன் இருக்கும் இடம் தெரியும் என்பதற்காக மட்டும் இல்லை. சீசனில் நாலு படகு நிற்கும் இடத்தைப் பார்த்தால் அது யாருக்கும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் பணம் அவர் படகுத் துடுப்பு போடுவதற்குத்தான். கிங் சால்மன் ஆற்றுக்குள் வந்த பிறகு இரை தேடுவதை நிறுத்திவிடும், உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே முட்டையிடும் இடம் வரை போய், முட்டையிட்டதும் செத்துவிடும். பசியில்லாத இந்த மீனை எப்படிக் கடிக்க வைப்பது? அதன் முகத்துக்கு நேராக ஒன்றை ஆட்டிக்கொண்டே நெருங்கி, எரிச்சல்படுத்த வேண்டும்.

கைடு செய்வது அதைத்தான். படகின் மூக்கு நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும், ஆனால் படகு மேலே போகாது, தண்ணீரைவிட மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். வயிற்றில் மத்தி மீன் துண்டு கட்டிய க்விக்ஃபிஷ் போன்ற போலி மீன்களைப் படகிலிருந்து நீரோட்டம் போகும் பக்கமாக விட்டிருப்பார்கள், எல்லாத் தூண்டில் நரம்பும் ஒரே தூரத்தில் இருக்கும், அதனால் அவை வரிசை கட்டி அடியாழத்தில் ஆடிக்கொண்டே மீன்கள் ஒதுங்கி நிற்கும் பள்ளத்துக்குள் இறங்கும். அவை வேலை செய்வதே நீரோட்டத்தின் இழுப்பில்தான். துடுப்பு கொஞ்சம் தளர்ந்தால் ஆட்டம் போய்விடும், கொஞ்சம் கூடினால் பள்ளத்தை எட்டாது. இதை நாள் முழுக்க, பாறையையும் மற்ற படகுகளையும் பார்த்துக்கொண்டே ஒருவர் செய்துகொண்டிருக்க, நாம் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் (பிடித்தது நாம்தான் என்று அப்புறம் சொல்லிக்கொள்வதும் நாம்தான்).

நமக்கு இருக்கும் ஒரே வேலை சும்மா இருப்பது. ராடின் (தூண்டில் கம்பின்) நுனி துடிக்கும், கை பரபரக்கும், தொடக்கூடாது. கிங் பல தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கவ்வும். ராட் வளைந்து தண்ணீரை நோக்கிப் போய் அப்படியே நின்ற பிறகு எடுத்தால் போதும், முதல் தட்டலிலேயே வெட்டி இழுக்கிறவர்கள் போலி மீனைத்தான் திரும்பப் பெறுவார்கள்.

விதிகளை நீங்களும் படித்துவிடுங்கள், எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அலாஸ்காவில் வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் மீன்பிடி உரிமத்தோடு கிங் சால்மனுக்கென்று தனி ஸ்டாம்ப், அதாவது கூடுதல் அனுமதி, வேண்டும். கொலம்பியா ஆற்றுப் பக்கம் பல இடங்களில், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட, பண்ணையில் பொரித்த மீனை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் திருப்பி விட வேண்டும், அதைப் படத்துக்காகப் படகுக்குள் தூக்குவதும் கூடாது.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சீசன் நடுவில் அரசு திடீரென்று மூடினால் பணம் என்ன ஆகும்? மூடுவது அடிக்கடி நடக்கிறது. திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுக்கிற ஆள் கிடைத்தால் நல்லது. "இந்த ஜூலையில் கிங் நிச்சயமில்லை, சாக்கை சால்மனுக்கு வருகிறீர்களா" என்று அவரே முதலில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது, நான் அவரோடுதான் போவேன்.