எண்ணெய்ப் பதிவேட்டின் வரிகள்

சிங்கப்பூர்க் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களில் ஏறி, அவற்றின் இன்ஜின் அறைகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது பல ஆண்டுகளாக என் தொழில். கடல் மாசு என்றதும் இங்குள்ளவர்களுக்கு 2024 ஜூன் 14 நினைவுக்கு வரும். பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எரிபொருள் கப்பலின் மீது தூர்வாரும் கப்பல் ஒன்று மோதியதில், சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்து, செந்தோசாவிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை கரைகள் கறுத்தன. 1997 அக்டோபரில் இவோய்க்கோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் மோதியபோது கசிந்ததோ சுமார் 28,500 டன். இத்தகைய விபத்துகள் ஊரறிய நடப்பதால் மிதவைத் தடுப்புகளும் விசாரணையும் உடனே வந்துவிடுகின்றன. நடுக்கடலில், இரவு நேரத்தில், ஒரு குழாயின் வழியே சிறிது சிறிதாக வெளியேற்றப்படும் எண்ணெய்க்கு அப்படி எவரும் வருவதில்லை என்பதே என் நெடுநாள் கவலை.

கனரக எண்ணெய் எனப்படும் கெட்டியான எரிபொருளை எரிக்கும் கப்பலில், எரிப்பதற்குமுன் அதைச் சுத்திகரிக்கும்போது கசடு மிஞ்சும். எரிபொருளில் 1.5 விழுக்காடு என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. நாளொன்றுக்கு 30 டன் எரிக்கும் கப்பலில் அது 450 கிலோ. இதைத் தவிர, இயந்திரங்களிலிருந்து சொட்டும் எண்ணெயும் நீரும் கலந்து அடித்தளத்தில் தேங்கும். கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி இந்தக் கலவை நீரை, எண்ணெயைத் தனியே எடுக்கும் பிரிப்பான் என்ற கருவி வழியாகச் செலுத்தி, எண்ணெயின் அளவு பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேற்படாத நிலையில், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே கடலில் விடலாம். கசட்டை எரியூட்டியில் எரிக்கலாம் அல்லது கரையில் ஒப்படைக்கலாம். கடலில் விட அனுமதியே இல்லை. ஒவ்வொரு செயலையும் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிப் பொறுப்பான அதிகாரி கையொப்பமிட வேண்டும்; ஒவ்வொரு பக்கத்திலும் கப்பல் தலைவரின் கையொப்பம் இருக்க வேண்டும்.

ஆகவே நான் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். எரித்த எண்ணெய்க்கும் எழுதிய கசட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா, பிரிப்பான் ஓடியதாகச் சொல்லப்படும் மணிநேரத்தில் அத்தனை நீரை அதனால் உண்மையிலேயே பிரித்திருக்க முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்த பின்னரே கீழே இறங்குவேன். அங்கே கண்கள் தேடுவது குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை. சுற்றிலும் பழைய வண்ணம் இருக்க, ஓர் இணைப்பில் மட்டும் புது வண்ணமோ சுரண்டலோ தெரிந்தால், பிரிப்பானைத் தவிர்த்துக் கடலுக்கு நேரே செல்லும் தற்காலிகக் குழாய் அங்கே பொருத்தப்பட்டிருந்ததா என்று கேட்காமல் விடமாட்டேன். மாலுமிகள் அதை மேஜிக் பைப் என்பார்கள்.

தூத்துக்குடியைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர், நான் தமிழர் என்று அறிந்ததும் மெல்லச் சொன்னார்: "சார், கரையில இறக்குனா செலவுன்னு ஆபீஸ்ல முகம் சுளிக்கிறாங்க. கடல்ல விட்டா ஜெயிலுன்னு நீங்க சொல்றீங்க. நடுவுல நிக்கிறது நாங்கதான்." அந்தக் கப்பலின் பதிவேட்டில் குறை எதுவும் இல்லை. ஆயினும் அவர் சொன்னதில் இருந்த நியாயம் என்னை விட்டு அகலவில்லை. பதிவேட்டின் நேர்மையை, கப்பலிலேயே மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவர்களின் தோளில் நாம் ஏற்றி வைத்திருக்கிறோம்.

2024இன் நடுப்பகுதியில் எண்ணெய் பரவிய அதே பருவத்தில் கடல்நீரின் வெப்பம் உயர்ந்து, சிங்கப்பூரின் பவளங்கள் வெளுத்தன. புவி வெப்பமாதலால் சேரும் கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கடலே ஏற்றுக்கொள்கிறது. அந்த வெப்பத்துக்குக் காரணமான வாயுக்களில் ஏறக்குறைய 3 விழுக்காடு கப்பல்களிலிருந்து வெளியாகிறது. ஆண்டுக்கு 50 மில்லியன் டன்னுக்கும் மேல் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகத்தில் வேலை செய்பவன் இதை அடுத்தவர் பிரச்சினையாகக் கருத முடியாது. மெத்தனால் போன்ற மாற்று எரிபொருள்கள் பரவினால் கனரக எண்ணெயின் கசடு குறையும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இன்னொரு மாற்று எரிபொருளான அம்மோனியாவின் கதை வேறு: அது கசிந்தால் மீன்களுக்கு நஞ்சு, ஆகவே அங்கேயும் கண்காணிப்பும் பதிவேடும் தேவைப்படும்.

இப்போது என் அறிக்கைகளில் கப்பலின் குறைகளோடு, கசட்டைக் கரையில் ஒப்படைக்க நிர்வாகம் அந்தப் பயணத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்ததா, ஒதுக்கியிருந்தால் அதைத் தலைமைப் பொறியாளர் எவரிடமும் அனுமதி கேட்காமல் செலவிட முடியுமா என்ற கேள்விகளையும் சேர்த்து எழுதுகிறேன். சில நிறுவனங்கள் பதில் அனுப்புகின்றன. அனுப்பாதவர்களிடம் அடுத்த ஆய்விலும் அதையே கேட்கிறேன்.