வாய்க்காலின் முதல் தண்ணீர்

ஸ்காபரோ, கனடா, 2 ஜனவரி 2009, வெள்ளி

காலை ஐந்தரைக்கு வேலைக்கு எழும்பினேன். அம்மா எனக்கு முன்பே எழும்பி வானொலிக்கு முன்னால் இருந்தார். "கிளிநொச்சியும் போட்டுதாம் தம்பி" என்றார். இராணுவம் பிடித்துவிட்டது. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தேத்தண்ணி குடிக்காமலே பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரவு தொலைக்காட்சியில் ஏ9 வீதியைக் காட்டினார்கள். ஒரு சனம் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. பெரிய தண்ணீர்த் தாங்கி உடைந்து சரிந்து கிடந்தது. 2003இல், போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்தபோது அந்த வீதியால்தான் ஊருக்குப் போனோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வான் நின்றது. தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். பேப்பர்ச் சுருளுக்குள் சூடு ஆறுவதற்குள் கிளிநொச்சி வந்துவிட்டது. வட்டக்கச்சியில் அக்கா படலையடியில் நின்றார், கையெல்லாம் அரிசிமா.

அக்கா இப்போது எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

8 ஜனவரி, வியாழன்

செய்தியில் காட்டும் வரைபடத்தில் எங்கள் இரணைமடுக் குளம் ஒரு நீலப் பொட்டு. பக்கத்தில் அம்புக்குறிகள். எந்தப் படையணி எந்தப் பக்கத்தால் வருகிறது என்று விளக்குகிறார்கள். எனக்கு அந்தப் பொட்டைப் பார்த்தால் துருசு, அதாவது குளத்து மதகு, திறக்கிற நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சிறுபோகத்துக்கு, கோடை நெல்லுக்கு, தண்ணீர் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் பொடியள் எல்லோரும் வாய்க்கால் கட்டுக்கு ஓடிவிடுவோம். காய்ந்து வெடித்த வாய்க்காலில் முதல் தண்ணீர் பாய்ந்து வராது. சருகையும் புழுதியையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, பாம்பு ஊருகிற மாதிரி மெதுவாக வரும். வெடிப்புகளுக்குள் இறங்கும்போது சிறிதாக ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு வெடிப்பும் நிரம்பிய பிறகுதான் அடுத்த அடி. அதன் தலைப்புக்குச் சரியாக நாங்களும் கட்டில் நடப்போம், எங்கள் வயல் மடை வரைக்கும். மடையில் அப்பா மண்வெட்டியோடு நிற்பார்.

இன்றைக்கு இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். "தண்ணி ஏன் அவ்வளவு மெதுவாக வந்தது?" என்று கேட்டாள். நிலம் குடிக்க வேண்டும் அல்லவா என்றேன்.

14 ஜனவரி, புதன்

பொங்கல். அம்மா பானையை எடுக்கவில்லை. "அவள் எங்கையெண்டு தெரியாமல் என்னெண்டு தம்பி பொங்கிறது" என்றார். சரி, வற்புறுத்தவில்லை. வேலைக்குப் போனேன்.

மத்தியானம் லண்டனிலிருந்து அத்தானின் மருமகன் எடுத்தான். அக்கா குடும்பத்தை விசுவமடுவில் யாரோ கண்டார்களாம். ட்ராக்டர்ப் பெட்டியில் கூரைத் தகரமும் கதவுகளும் சமையல் பானைகளும் இருந்தனவாம். கண்டது ஆறு நாளைக்கு முன்பு. அங்கே இப்போது ஆறு நாள் என்பது எவ்வளவு நீளம்! ஆனாலும் அம்மா முகம் கழுவி, விளக்கேற்றினார். அப்புறம் வெகு நேரம் கழித்துக் கேட்டார்: "கதிர் முத்துற நேரமெல்லே. வயலை அப்படியே விட்டிட்டோ போனவை?"

22 ஜனவரி, வியாழன்

சனம் போய் இருக்க அரசாங்கம் பாதுகாப்பு வலயம் அறிவித்திருக்கிறது. பரந்தன்-முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே, உடையார்கட்டுப் பக்கம், 35 சதுர கிலோமீற்றர். கணக்குப் பார்த்தேன். எங்கள் ஸ்காபரோவில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். வன்னிச் சனம் முழுவதும் அதற்குள் எப்படி அடங்கும்? எங்கே படுக்கும், எங்கே கிணறு?

இரவு வழக்கம்போல அக்கா வந்து பேசுகிற தொலைத்தொடர்பு நிலையத்து இலக்கத்தை அழுத்தச் சொன்னார் அம்மா. நவம்பரிலிருந்து அதில் மணியே அடிப்பதில்லை. போன் கார்டில் காசு குறைவதும் இல்லை. ஆனாலும் அழுத்திக் கொடுக்கிறேன். காதில் வைத்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பித் தருகிறார்.

31 ஜனவரி, சனி

நேற்று டொரொண்டோ டவுண்டவுனில், போரை நிறுத்தச் சொல்லி மனிதச் சங்கிலி. நான் அரை நாள் லீவு எடுத்தேன். முழங்கால் வருத்தத்தோடு அம்மாவும் வருவேன் என்று நின்றார். இரண்டு சோடி காலுறை, என்னுடைய பழைய ஜாக்கெட். யூனியன் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பார்க்கிற பக்கமெல்லாம் எங்கள் சனம். இத்தனை பேர் இந்த நகரத்தில் இருக்கிறோம் என்று நேற்றுத்தான் கண்ணால் கண்டேன். குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை.

அம்மாவுக்கு மற்றப் பக்கம் கை பிடித்து நின்றவர் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா. சொந்த இடம் பரந்தனாம். மகனும் நாலு பேரப்பிள்ளைகளும் உள்ளே. "உங்கட பக்கம் தண்ணி எப்ப வரும்?" என்று அம்மா கேட்டார். "உங்கட வயலெல்லாம் குடிச்சு முடிய" என்றார் அவர். இரண்டு பேரும் அந்தப் பனிக்குள் வாய்க்கால்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி நின்றார்கள்.

பிரியும்போது அவர் கையுறையைக் கழற்றி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். யாருக்கு முதலில் தகவல் கிடைத்தாலும் மற்றவருக்குச் சொல்வதென்று பேச்சு. பேனா குளிரில் விறைத்து, கடைசி இரண்டு எண்கள் சரியாக விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார்.