கட்டவா, பொறுக்கவா?

பட்ஜெட் நெருங்கினால் எங்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வசூல் படுத்துவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மஞ்சள் பையில் பணத்தைச் சுற்றிக்கொண்டு வாசல் வரை வந்தவர், கவுன்டரைப் பார்த்துவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்" என்று பானையில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். பணம் பையிலேயே இருக்கும். இந்த முறை கடன் தள்ளுபடி வருமா என்பதுதான் அந்த நடையின் பொருள்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். 2006இல் கலைஞர் ஆட்சி வந்ததும் 6,866 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானது. அப்போது பட்டியல் எழுதுகிற வேலைதான் எனக்கு. 2016 மே 23ஆம் தேதி ஜெயலலிதா பதவியேற்ற கையோடு போட்ட கையெழுத்து சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. எங்கள் ஊரில் அப்பா இருக்கும்போதே பாகம் பிரித்துப் பட்டா மாற்றிக்கொண்ட ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் தள்ளுபடி கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 5 ஏக்கர் 20 சென்ட். இருபது சென்ட்டும் வரப்பும் வாய்க்காலுமாகத்தான் கிடந்தது. அவர் தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்த நடைக்கு அந்த இருபது சென்ட்டை யாருக்காவது தானமாகக் கொடுத்திருக்கலாம். அந்த வரம்பு சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அரசு செய்தது சரி என்று 2021இல்தான் முடிந்தது.

நான் சொல்ல வந்தது அதே 2021இன் தொடக்கத்தில் நடந்தது.

நிவர், புரெவி என்று இரண்டு புயல் மழையைத் தாண்டி நின்ற சம்பா, பொங்கல் சமயத்து மழையில் தரையோடு படுத்துவிட்டது. கதிரிலேயே முளைவிட்ட நெல்லைக் கையில் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார்கள். எங்கள் பக்கம் சம்பா அறுத்த வயலில் தை, மாசியில் பருத்தி போடுவோம். அதற்கு வருடா வருடம் கடன் வாங்குகிற ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று ஏக்கர், ஒரு தவணைகூடத் தவறியதில்லை. பிப்ரவரியில் அவருக்குக் கெடு. கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. ஒரு நாள் தாண்டினாலும் வட்டி விழும். ஜனவரி கடைசியில் நானே போன் செய்தேன்.

"அண்ணே, சீக்கிரம் கட்டிடுங்க. பத்து நாள்ல கடனைத் திருப்பிப் போட்டுத் தந்துடுறேன், பருத்திக்கு ஆகும்."

"நெல்லு வீடு வரலையே தம்பி."

"கைமாத்தா வாங்கிக் கட்டுங்க. பத்தே நாள்தான்."

மூன்று வட்டிக்கு வாங்கி, 27ஆம் தேதி 84,000 ரூபாயைக் கட்டினார். நூறுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. பத்து நாளைக்கு என்றால் பெரிய தொகை இல்லை என்று இரண்டு பேருமே கணக்குப் போட்டோம்.

பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. சட்டமன்றத்தில், விவாதமில்லாமல் அறிவிக்க இடம் தருகிற 110ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் பழனிசாமி அறிவித்தார்: 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. ஜனவரி 31ஆம் தேதி நிலுவையில் இருந்த கடனுக்கு.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. நான்காக மடித்த ரசீதை மேசையில் வைத்து, விரலால் நீவிவிட்டார்.

"தம்பி, இதுல தேதிய மட்டும் மாத்த முடியுமா?"

கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் அவர் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும்.

கேட்ட புதுக்கடனையாவது கொடுத்திருக்கலாம். அதுவும் முடியவில்லை. சங்கம் முழுக்கத் தள்ளுபடிப் பட்டியலில் முழுகிக் கிடந்தது: யார் என்ன பயிர் வைத்தார் என்ற அடங்கல், நிலம் யார் பெயரில் என்ற சிட்டா, ஆதார், தணிக்கை. அதற்குள் தேர்தல் அறிவிப்பும் வந்துவிட்டது. பருத்திக்கு மாசியில் வேண்டிய பணம் ஆனியில் வந்தது. கடனில் ஒரு பகுதியை உரமாகத்தான் கொடுப்போம். அந்த மூட்டைகள் எங்கள் குடோனில் அடுக்கியபடியே இருந்தன. கடைத்தெரு உரக்கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார், பருத்தியை அவர் கைகாட்டுகிற வியாபாரிக்கே போட வேண்டும் என்ற பேச்சோடு. உழவு ஓட்டிய டிராக்டர்காரருக்கு வைகாசி வரை கூலி போகவில்லை. அவருக்கு வண்டிக்கு மாதத் தவணை. சங்கத்துக் கடனைக் கணக்கில் வைத்துத்தான் அந்தக் கடைத்தெருவே மாசி மாதத்தைத் தள்ளுகிறது என்று எனக்கு அந்த வருடம்தான் உறைத்தது.

தள்ளுபடியே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மழையில் மூழ்கிய வயலிலிருந்து கடனை எப்படி வசூலிப்பது? அந்தப் பட்டியலில் நான் எழுதிய பெயர்களில் பெரும்பாலானவை நியாயமானவை. குத்தகைக்கு உழுதவன் பெயர் அடங்கலில் இல்லாததால் பட்டியலில் ஏறாமல் போனதும் உண்டு, அது தனிக்கதை. என் ஆற்றாமையெல்லாம் அந்தத் தேதியின் மேல். பயிருக்கு ஒரு காலண்டர், தேர்தலுக்கு ஒரு காலண்டர். நடுவில் எங்கள் ரசீதுப் புத்தகம்.

இன்னொன்று, அரசு தள்ளுபடி என்றதும் பணம் சங்கத்துக்கு வந்து கொட்டிவிடாது. நாங்கள் மத்திய கூட்டுறவு வங்கியிடம் வாங்கித்தான் ஊருக்குக் கொடுக்கிறோம். அந்த பிப்ரவரி 23ஆம் தேதி வாசித்த இடைக்கால பட்ஜெட்டில் 12,110 கோடிக்கு ஒதுக்கியது 5,000 கோடி. மீதி எங்கள் ஏட்டில் 'அரசிடமிருந்து வரவேண்டியது' என்ற தலைப்பில் உட்கார்ந்திருந்தது. டீக்கடை அம்மா ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் போட்டு வைத்த டெபாசிட் பத்திரத்தோடு வந்து, "எல்லார் கடனையும் விட்டுட்டீங்களாமே, என் பணம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, அடுத்த நாள் வங்கிக் கணக்கை நானே ஒரு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

2025 மத்திய பட்ஜெட்டில் கிசான் கார்டு என்கிற விவசாயக் கடன் அட்டையின் வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். டீக்கடையில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்றுதானே கடன். மூன்று ஏக்கர் நெல்லுக்கு ஒன்றேகால் லட்சம்கூட வராது என்றேன். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

அந்த அண்ணன் பிறகும் வருடா வருடம் வந்தார், முன்கூட்டி மட்டும் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற வருடம், கெடு நாளன்று பதினோரு மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பை மடியில் இருந்தது. "கட்டவா தம்பி, பொறுக்கவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன், அங்கேயே இருந்தார். காசாளர் கவுன்டரை மூடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுந்து வந்து, பணத்தை எண்ணி வைத்தார்.