ஸ்டீவ்ன்ஸ் கிளிண்ட்: ஒரு களிமண் கோட்டுக்காக ஒரு நாள்

டென்மார்க் போகிறவர்கள் கோபன்ஹேகனிலேயே குரோனரைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். அநியாயம்! தெற்கே ஸ்டீவ்ன்ஸ் கிளிண்ட் என்ற கடலோரக் குன்றுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்துவைத்த விண்கல் மோதலின் வண்டலை நேரில் பார்க்கலாம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். கடற்கரைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது.

கோகெ வரை ரயில், அங்கே ரோட்விக் வண்டிக்கு மாற வேண்டும். ஹோர்லெவ்வில் பாதை இரண்டாகப் பிரியும். பலகையைப் பார்க்காமல் ஏறினால் ஃபாக்செ பக்கம் போய்விடுவீர்கள், அரை நாள் பாழ். ஸ்டோர ஹெடிங்கில் இறங்கி ஹோயெருப் தேவாலயத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். டாக்ஸி பட்ஜெட்டை விழுங்கிவிடும்.

தேவாலயத்தின் கடலோரப் பகுதி 1928-இல் சரிந்து கடலில் விழுந்தது. குன்றின் அடியிலிருக்கும் மென்மையான வெண்சுண்ணத்தை அலை அரிக்கிறது. மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தத் துருத்தலுக்குக் கீழே பாருங்கள், சில சென்டிமீட்டர் கறுத்த களிமண் தெரியும். அதன் அடியில் துருநிறத்தில் மெல்லிய இழை ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு தூரம்!

பூமி உருகிக் கிடந்த காலத்தில் இரும்பு மையத்துக்கு இறங்கியது. இரிடியம் என்ற அரிய உலோகமும் அதோடு போய்விட்டது. மேலோட்டில் மிஞ்சியது சொற்பம், பல விண்கற்களிலோ ஏராளம். இத்தாலியின் குப்பியோவில் இதே வயதுள்ள களிமண் படிய எவ்வளவு காலம் ஆனது என்று கணிக்கத்தான் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸும் புவியியலாளரான மகன் வால்டரும் இரிடியத்தை அளக்கச் சொன்னார்கள். விண்தூசு சீராக விழும் என்பது கணக்கு. அது உடைந்தது: அங்கே வழக்கத்தைவிட 30 மடங்கு, இங்கே 160 மடங்கு. விண்கல் மோதியிருக்க வேண்டும் என்ற முடிவு 1980-இல் வெளியானது.

அளந்தவர்கள் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும். மாதிரியை அணு உலையில் நியூட்ரான்களுக்குக் காட்டினால் அதிலுள்ள இரிடியம்-191 கதிர்வீசும் இரிடியம்-192 ஆக மாறும். அதன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதையும் காலம்) 74 நாள். குறுகிய ஆயுள் கதிர்வீச்சுகள் அடங்கும்வரை பொறுத்திருந்து காமா கதிர்களை எண்ண வேண்டும். அவசரப்பட்டால் இரைச்சலில் இரிடியம் மறைந்துவிடும். நூறு கோடியில் ஒரு பங்கைத் தேடும் வேலை என்பதால் மாதிரி எடுப்பவர் விரலில் பிளாட்டினம் மோதிரம் இருந்தாலே ஆபத்து. அதில் இரிடியம் கலந்திருக்கும், உராய்ந்து ஒட்டும்.

இரிடியம் மட்டும் போதாது, எரிமலையைக் கைகாட்டியவர்களும் இருந்தார்கள். 1998-இல் அளந்தபோது இந்தக் களிமண்ணின் குரோமியம் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) விகிதம் பூமியுடையதாக இல்லை, கார்பன் மிகுந்த விண்கல்லோடு பொருந்தியது. 2024-இல் ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகளும் அதையே சொன்னன.

சொல்ல விட்டுப்போனது: கரை முழுக்கச் சிக்கிமுக்கிக் கல், செருப்பு உதவாது. மழைக்கும் உறைபனிக்கும் பிறகு பாறை உதிரும், துருத்தலுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். குன்றைச் சுரண்டவும் வேண்டாம்.