504 அல்ல, 1204

காயல்பட்டினத்தில் ஏழு வருடம் மத்ரஸாவில் ஓதியவன் நான். அப்புறம் அஃப்ஸலுல் உலமா என்ற அரபிப் பட்டம், அதற்கு மேல் அரபியில் எம்.ஏ. அமெரிக்காவில் மேற்கு ஆப்பிரிக்க அரபிக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தபோது விசா, குளிர், சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டேன். மொழியைப் பற்றி மட்டும் கவலையே இல்லை.

முதல் தாளிலேயே மூக்குடைபட்டேன். ‘கால’, அதாவது ‘சொன்னார்’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஃபால்’, அதாவது ‘சகுனம்’ என்று இருந்தது. ஒரே பக்கத்தில் இத்தனை சகுனமா என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷயம் இதுதான்: மொராக்கோவிலிருந்து நைஜீரியா வரை புழங்கிய மக்ரிபி வகை எழுத்தில் ‘ஃபே’க்குப் புள்ளி கீழே, ‘காஃப்’க்கு மேலே ஒரே ஒரு புள்ளி. நாம் ஓதிய ‘ஃபே’ அங்கே ‘காஃப்’. மூன்று மாதம் நான் படித்தது அரபி இல்லை, புள்ளி.

பிரதிகளின் அமைப்பும் புதிது. தைக்காத தனித்தனித் தாள்கள். அவற்றைத் தோல் பையில் போட்டு வைப்பார்கள். பக்க எண் கிடையாது. அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை இந்தப் பக்கத்தின் அடியில் ஓரமாக எழுதியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் வரிசைப்படுத்த வேண்டும். எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஹெர்ஸ்கோவிட்ஸ் நூலகத்தில் இப்படிப்பட்ட பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நைஜீரியாவின் கானோ நகரத்து மார்க்க அறிஞரும் வணிகருமான உமர் ஃபல்கேயின் சேகரிப்பும் அங்கேதான். எழுதியவர் யார், எந்த ஊர், யாரிடம் ஓதினார் என்று தேட, ஜான் ஹன்விக் 1995இல் மத்திய சூடான் பகுதிக்காக வெளியிட்ட நூல்விவரத் தொகுதிதான் கைவிளக்கு. (இந்த ‘சூடான்’ இன்றைய சூடான் நாடு அல்ல. வடக்கு நைஜீரியா எல்லாம் அதில் அடக்கம். இதைப் புரியவைக்க உறவினர்களிடம் இன்னும் போராடுகிறேன்.)

என் பெரிய சறுக்கல் இரண்டாம் வருடம். நான் எடுத்துக்கொண்ட கவிதையின் கடைசி அடியில், இது முடிந்த ஆண்டு ‘ருஷ்த்’ என்று இருந்தது. ஒவ்வொரு அரபி எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு வைத்துக் கூட்டும் அப்ஜத் கணக்குதான் தெரியுமே: ரே 200, ஷீன் 300, தால் 4. ஹிஜ்ரி 504. அப்படியென்றால் கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம்! கவிதையில் பேசப்படும் மனிதர்களோ பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள். நான் அசரவில்லை. ஏதோ ஒரு பழைய மூலத்தின் தேதி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நாற்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயமே எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் 1204 என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்.

மக்ரிபி எழுத்து புழங்கிய பகுதிகளில் அப்ஜத்தின் சில எழுத்துகளுக்கு மதிப்பே வேறு. ஷீனுக்கு 1000, சீனுக்கு 300, ஸாதுக்கு 60. ஹிஜ்ரி 1204 என்றால் 1789–90. வடக்கு நைஜீரியாவில் சொகோட்டோ ஆட்சியை நிறுவிய உஸ்மான் தன் ஃபோடியோ ஊர் ஊராகப் போய்ப் போதித்துக்கொண்டிருந்த காலம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. நாற்பது பக்கமும் குப்பைக்குப் போனது.

அன்று இரவு பேருந்தில் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ முழுவதற்கும் நம் கணக்கில் 786. அதில் இருப்பது ஒரே ஒரு சீன். அதன் 60ஐ எடுத்துவிட்டு 300 வைத்தால் 1026. ஊரில் எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: “அப்ப அவங்க ஊர் லாரில என்ன எழுதிருப்பாங்க?”

வடக்கு நைஜீரிய மொழியான ஹௌஸாவைக் கற்றுக்கொண்டது தனிக் கதை. அரபி எழுத்தில் எழுதப்பட்ட ஹௌஸாவை அஜமி என்பார்கள். தன் ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு அரபி, ஃபுல்ஃபுல்டே, ஹௌஸா என மூன்றிலும் கவிதை எழுதியவர். அரபியோடு நின்றுவிட்டால் அவரை அரைகுறையாகத்தான் படிக்க முடியும். இந்த ஒரு இடத்தில்தான் ஊர் எனக்குக் கைகொடுத்தது. வீட்டில் உம்மும்மாவின் அர்வி ஏடுகளை, அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழை, பார்த்து வளர்ந்தவனுக்கு, அரபியில் இல்லாத ஒலிக்காக எழுத்தில் புள்ளி கூட்டுவது புதிதில்லை. சக மாணவர்கள் திணறிய அஜமியில் மட்டும் நான் வேகமாக ஓடினேன்.

வேலை தேடியபோதுதான் அடுத்த சிக்கல். அரபித் துறைக்கு நான் ஆப்பிரிக்கக்காரன். ஆப்பிரிக்கவியல் துறைக்கு நான் அரபிக்காரன். ஒரு நேர்காணலில், கெய்ரோ பற்றி ஒரு பாடம் நடத்த முடியுமா என்று கேட்டார்கள். கெய்ரோ ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன், ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. வேலை தேடத் தொடங்கிய மூன்றாம் வருடம் இரண்டு துறைகள் பாதிப் பாதியாகச் சேர்ந்து ஓர் இடம் கொடுத்தன. கூட்டங்கள் மட்டும் பாதி இல்லை, இரண்டு மடங்கு.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் ஹௌஸாவையோ ஃபுல்ஃபுல்டேயையோ முதல் வருடமே தொடங்கிவிடுங்கள். நான் மூன்றாம் வருடம் தொடங்கி ஒரு வருடத்தைத் தொலைத்தேன். பிரதிகளின் படம் கேட்கும்போது தாளின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு ஓர் இடத்திலிருந்து அடி ஓரம் வெட்டுப்பட்ட படங்கள்தான் வந்தன. அடுத்த பக்கத்தின் சொல் இருப்பது அங்கேதானே. மறுபடி எடுத்து அனுப்ப அவர்களுக்கு நான்கு மாதம் ஆனது.