கிரியேட்டினின் 95 நல்ல எண்தானா?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் ஏஎஃப் நோய்க்கு ரத்தம் எடுத்தால், வீட்டில் எல்லார் கண்ணும் போவது, இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-புரோபிஎன்பி மேல்தான். 125க்குள் இருக்க வேண்டியது 900 என்று நட்சத்திரக் குறியோடு நிற்கும். ஏஎஃப் இருந்தாலே, இதயம் பலவீனமாகாமலும் இது ஏறும். வயதும் கெட்டுப்போன சிறுநீரகமும் இன்னும் ஏற்றிவிடும். உடல் பருமன் இறக்கிக் காட்டும். அதற்காக ஒதுக்கவும் கூடாது. எண் கூடக்கூட பக்கவாத ஆபத்தும் கூடும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேளுங்கள்.

சிறுநீரகம் வடிகட்டும் தசைக் கழிவான கிரியேட்டினின் ஓரத்தில் சத்தமில்லாமல் கிடக்கும். பக்கவாதத்தைத் தடுக்கத் தரும் மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது அதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில், பால்மரம் வெட்டியே மெலிந்துபோன 72 வயது பாட்டியை எடுத்துக்கொள்வோம். எடை 48 கிலோ, கிரியேட்டினின் லிட்டருக்கு 95 மைக்ரோமோல். கிட்டத்தட்ட நார்மல் போலத்தான் தெரியும். ரிப்போர்ட்டில் அச்சாகும் சிறுநீரக எண்ணும் 50க்கு மேல் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைக்குக் கணக்கு வேறு: 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண்ணுக்கு 1.04ஆல் (ஆணுக்கு 1.23ஆல்) பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பாட்டிக்கு வருவது 36. ரிவரொக்சபான் என்றால் 20 மில்லிகிராம் அல்ல, 15. அதுவும் சோறு சாப்பிட்ட கையோடு. 30க்குக் கீழே இறங்கினால் டபிகட்ரான் ஆகாது. தசை குறைந்தவருக்குக் கிரியேட்டினினும் குறைவாகவே ஊறும், அதனால்தான் இந்த ஏமாற்று. போன வருஷத்து எடையைப் பார்த்து எழுதினால் கணக்கே வீண். செருப்பைக் கழற்றி அன்றைக்கே நிறுத்துப் பாருங்கள்.

உறைவைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். இதற்கு ரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில், உறையாமல் வைக்கும் ஒரு பங்கு சிட்ரேட் மருந்துக்கு ஒன்பது பங்கு ரத்தம். நரம்பு கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் மருந்து மிஞ்சி, ஐஎன்ஆர் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் கட்டி அடைக்கும் ஆபத்து. குழாயில் கோடு வரை ரத்தம் ஏறியதா என்று எட்டிப் பாருங்கள், தப்பில்லை. கீரையின் அளவு மாறினாலும் ஐஎன்ஆர் மாறும், ஆனால் முருங்கைக் கீரையை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் எல்லா வாரமும் இரண்டு தடவையே.

பொட்டாசியமும் பொய் சொல்லும். கையை இறுக்கி மூடி மூடித் திறந்தாலோ, எடுத்த ரத்தம் ஆய்வகம் போகுமுன் பிரிக்கப்படாமல் ஐஸில் மணிக்கணக்காகக் கிடந்தாலோ எண் ஏறும். தைராய்டுச் சோதனைக்கு முன் முடி உதிர்வு மாத்திரையை நிறுத்துங்கள், இரண்டு நாளாவது. அதிலிருக்கும் பயோட்டின் சில கருவிகளில் டிஎஸ்எச்சை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை) குறைத்துக் காட்டி, இல்லாத தைராய்டு நோயை ஏஎஃப்-க்குக் காரணமாக்கிவிடும்.

இவ்வளவு பார்த்தும் ஆள் எப்படி இருக்கிறார் என்று ரத்தம் சொல்லாது. எண் உயர்ந்தவர் பாசாருக்கு நடந்தே போய் வருவார். எண் நன்றாக இருப்பவர் கோயில் படியில் நாலு இடத்தில் உட்காருவார். இதற்கு ஏஎஃப்ஈக்யூடி என்று 20 கேள்விப் படிவம் இருக்கிறது, 100 வந்தால் தொந்தரவே இல்லை என்று பொருள். கிளினிக்கில் அது இல்லையென்றால் கடந்த நாலு வாரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்: எத்தனை நாள் படபடப்பு, எத்தனை படியில் மூச்சு வாங்கியது, எந்த வேலையை விட்டார். கூடவே நாடித் துடிப்பு, ஒரு நிமிஷம் முழுக்க எண்ணியது; 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஏஎஃப்-இல் சரியாக வராது.